கெங் தூக்கிவந்த வில்லோக் கம்பு

எங்கள் மஞ்சளாற்றங்கரையில் கெங் ஷௌதியன் அளவுக்கு வில்லோ மரத்தை அறிந்தவன் எவனும் இல்லை. அவன் பக்கத்து வீட்டுக்காரி, நான் சொல்கிறேன். பனி உருகி மரத்தில் சாறு ஏறிவிட்டால் ஆளைக் கையில் பிடிக்க முடியாது. பட்டை வழுக்கிக்கொண்டு கழலும் அந்தப் பத்து நாளில் கூடை முடையக் குச்சி உரிப்பான், பட்டையில் ஊதல் செய்து தானே ஊதித் திரிவான், ஆறு கரையை அரிக்கும் இடமெல்லாம் கம்பு நடுவான். ஐம்பத்திரண்டு வயது. மனைவி இறந்து ஒன்பது வருடம்.

டோஃபு விற்கும் யின் சூமெய் மேல் அவனுக்கு ஆசை. அவளும் புருஷனை இழந்த தனிக்கட்டைதான். வசந்தம் வந்ததும் கசப்பு முற்றாத வில்லோத் துளிரைப் பறித்துக்கொண்டு அவள் கடைக்குப் போவான். அவள் அதை வெந்நீரில் போட்டெடுத்து டோஃபுவோடு பிசைந்து தருவாள். தின்றுவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்லி வந்துவிடுவான். ஆறு வருடமாக இதே கதை! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடம், நகரத்தில் இருக்கும் சூமெயின் மகள் அவளை அங்கேயே வரச்சொல்லிவிட்டாள். போனால் திரும்ப மாட்டாள்.

"யோவ் கெங், நாளைக்குக் காலைல பஸ்ஸு! இன்னைக்காவது கேளுய்யா!" என்று கத்தினேன்.

"என்னன்னு கேக்குறது?"

"ம்... டோஃபு என்ன வெலைன்னு கேளு!"

ஊரைவிட்டுப் போகிறவர் கையில் வில்லோக் குச்சி ஒடித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். மறுநாள் ஆளுக்கொன்று கொடுத்தோம். பஸ் வந்தது, பெட்டியும் ஏறியது. கெங்கைக் காணோம். அந்த நேரம் பார்த்து, தோளில் ஆள் உயரக் கம்போடு கரையிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்தான்!

சூமெய் சிரித்துவிட்டாள். "எல்லாரும் குச்சி குடுத்தா நீங்க மரத்தையே கொண்டாந்துட்டீங்க! இத எப்படித் தூக்கிட்டுப் போறது?"

"தூக்கிட்டுப் போக இல்ல. என் வீட்டு வாசல்ல குழி வெட்டி வச்சிருக்கேன். நீ வந்து நடணும். தெனமும் தண்ணி ஊத்தணும்."

"வில்லோவுக்கு எதுக்குத் தண்ணி? எங்க குத்தினாலும் தானா முளைக்குமே!"

"அது முளைச்சிக்கும்," என்றான் கெங். "எனக்குத்தான் ஆள் வேணும்."

ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஒருத்தரும் நகரவில்லை. சூமெய் அவனையே பார்த்தாள். பிறகு நடத்துனரிடம் "என் பெட்டிய எறக்குங்க" என்றாள். ஐயோ, நான் போட்ட கூச்சலில் பஸ்ஸில் தூங்கியவர்கள் எழுந்துவிட்டார்கள்!

கம்பின் ஒரு முனையைத் தன் தோளில் வாங்கிக்கொண்டு, மகளுக்கு அங்கேயே போன் போட்டாள்.

"நான் வரலடி. இங்க ஒரு மரம் நட வேண்டியிருக்கு."