புளி போட்டு மினுக்கிய ரவைகளும் வெருகல் பயணமும்

தைப்பொங்கலுக்கு முதல் நாள் வெருகலில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனேன். அம்மாவின் தம்பி அவர். என் பட்டமளிப்பு முடிந்தபின் அங்கே போகவில்லை என்று அம்மாவுக்குக் குறை. கோயிலும் ஆறும் பார்க்கப் போகிறவர்களுக்கு உதவுமே என்றுதான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் அந்த மூன்று நாட்களில் நான் அதிகம் பார்த்தது துப்பாக்கி ரவைகளைத்தான்.

லிங்கநகரில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஓட்டோ. காலை ஆறரைக்கு மட்டக்களப்பு பஸ். டிக்கற் இருநூற்று அறுபது ரூபாய். சில்லறையாகக் கொண்டு போங்கள். இடப்பக்க யன்னல் கிடைத்தால் கிண்ணியாப் பாலத்தில் கொட்டியாரக் குடா முழுவதும் தெரியும். தூரம் ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர், இரண்டேகால் மணித்தியாலம்.

"தங்கச்சி, எங்க இறக்கம்?" என்றார் கண்டக்டர்.

"வெருகல்."

"வெருகல்ல எங்க? கோயிலடியா, பாலத்தடியா?"

எனக்குத் தெரியவில்லை. கோயிலடி என்று சொல்லிவிட்டு, பாலத்தடியில் நிற்கும் மாமாவை யன்னலால் பார்த்தபடி கடந்து போனேன். திரும்பி நடக்கக் கால் மணித்தியாலம். நீங்கள் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமா ஒன்றரை ஏக்கர் சோளன் போட்டிருந்தார். பொத்தி முற்றுகிற நேரம், காட்டுப் பண்டி இறங்கத் தொடங்கியிருந்தது. அவரிடம் தகப்பன் விட்டுப்போன வேட்டை ரைபிள் ஒன்று உண்டு. ஒவ்வொரு வெடிக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ள வேண்டிய பழையது. லைசன்ஸ் வருடாவருடம் புதுப்பிக்கிறார். ரவைகளும் தகப்பன் காலத்தவை. ஆமி கழித்துவிட்டதை அப்போது நகரத்து லைசன்ஸ் கடையில் விற்றார்களாம். வெள்ளத்தில் ஒரு பெட்டி நனைந்து பச்சை பிடித்துவிட்டது. அதைத் துப்பாக்கியில் வைக்கக்கூடாது என்று மாமா ஒதுக்கி, நனையாதவற்றை ஒரு மாப் போத்தலில் மூடி வைத்திருந்தார். இரண்டும் ஒரே வகை. அடியில் ஒரே எழுத்து, ஒரே இலக்கம்.

அன்று பின்னேரம் காவலுக்குப் போக மாமா போத்தலை எடுத்தார். அது கழுத்துவரை நிறைந்திருந்தது. எல்லாம் தங்கம்போல மின்னின.

"விளக்கு மினுக்கேக்க அதையும் மினுக்கினனான்," என்றார் மாமி, குசினி வாசலில் நின்று. "புளியும் சாம்பலும் போட்டு. என்ன ஊத்தை!"

"எது? பச்சை பிடிச்சதையோ?"

"ஓம். பிறகு எல்லாத்தையும் ஒரு போத்தலுக்குள்ள போட்டனான். பொங்கலும் அதுவுமா ஏன் ரெண்டு இடத்தில?"

மாமா கதிரையில் இருந்துவிட்டார்.

பக்கத்து வளவுச் சண்முகம் அண்ணன் வந்து ஒவ்வொன்றாகக் காதருகில் குலுக்கினார், தேங்காய் பார்ப்பதுபோல. "இது நல்லது. இது கொஞ்சம் சந்தேகம்." அதே ரவையை நான் இரண்டாம் தரம் கொடுத்தபோது மற்றக் குவியலில் வைத்தார்.

"பிள்ளை, நீதானே படிச்சனீ, போனில பார்," என்றார் மாமா.

பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் குழம்பினேன். எழுபது வருடப் பழசும் வெடித்தது என்று ஒருவர். புளிப்பான எதுவும் பித்தளையை அரித்துப் பலவீனமாக்கும் என்று இன்னொருவர். ரவையின் கழுத்தில் வெடிப்பு, நெளிவு, ஆடுகிற குண்டு இருந்தால் வைக்கவே கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒற்றுமை. பித்தளைக் கோது வெடித்தால் சூடான வாயு பின்பக்கமாகச் சுடுகிறவரின் முகத்துக்கு வருமாம். விளக்கைக் கிட்டவைத்துப் பார்த்தோம். வெடிப்பு ஒன்றும் தெரியவில்லை. இல்லையென்று அர்த்தமா, புளிச்சாம்பல் மறைத்துவிட்டதா? நகரத்துக் கடைக்குப் போன் எடுத்தேன். "ஒண்டும் வைக்க வேண்டாம், பொலிசில குடுங்கோ," என்று கடைக்காரர் போனை வைத்துவிட்டார்.

"அவர் புதுசு விக்கிறவர், அப்பிடித்தான் சொல்லுவார்," என்றார் சண்முகம் அண்ணன். "ஒண்டை வைச்சுப் பாப்பம். வெடிச்சா எல்லாம் நல்லது."

நான் பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கிடுகிறவள் அல்ல. ஆனாலும் வாயில் வந்துவிட்டது. "ஒண்டு நல்லதெண்டா, அடுத்தது நனைஞ்சதோ நனையாததோ எண்டு எப்பிடி அண்ணன் தெரியும்?"

மாமா என்னைப் பார்த்தார். "அப்ப நீ சொல்லு. வைக்கலாமோ, ஏலாதோ?"

"எனக்குத் தெரியாது மாமா."

"யூனிவேர்சிட்டியில உதொண்டும் படிப்பிக்கேல்லையோ?" என்று மாமி சிரித்தார். மாமா சிரிக்காமல் ரைபிளைக் கையில் எடுத்ததும் அவர் சிரிப்பு நின்றது. வந்து போத்தலைத் தூக்கிச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

"ஒருத்தருக்கும் தெரியாட்டி வேண்டாம். சோளன் போனாப் போகட்டும். எனக்கு இந்த மனுசன்ட முகம் வேணும்."

பொங்கலுக்கு வாங்கிவைத்த சீன வெடி முழுவதையும் அன்று பொழுதுபடச் சோளனுக்குள் கொளுத்தினோம். சண்முகம் அண்ணன் தகரம் தட்டினார். விடிந்து பார்த்தால் ஆற்றுப் பக்கம் ஒரு மூலை உழுததுபோலக் கிடந்தது. வெடிச் சத்தமில்லாமல் பொங்கிச் சாப்பிட்டோம்.

வீட்டில் லைசன்ஸ் துப்பாக்கியும் பழைய ஆமி ரவையும் வைத்திருக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், எனக்கு விளங்கிய கொஞ்சத்தைச் சொல்கிறேன். குழாயில் பொறித்திருக்கும் அளவும் ரவையின் அடியில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒன்று போதாது. நனைந்ததை மினுக்காதீர்கள், வெயிலில் காயவும் வைக்காதீர்கள். விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே திறக்காமல், குழாயை ஆளில்லாத பக்கம் பிடித்தபடி ஒரு நிமிடமாவது பொறுங்கள். சத்தம் சோர்ந்து கேட்டால் அடுத்ததை வைக்காதீர்கள். குண்டு குழாய்க்குள் நிற்கலாம். பழைய ஆமி ரவை சிலது குழாயைத் துருப்பிடிக்கச் செய்யுமாம், அன்றே துப்பரவாக்கி எண்ணெய் பூச வேண்டும். எங்கிருந்து வந்ததென்று தெரியாத ரவையைத் தொடவே வேண்டாம். இதில் எது எவ்வளவு முக்கியம் என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. தெரிந்த ஒருவரிடம் நேரில் காட்டுங்கள்.

பொங்கலுக்கு அடுத்த நாள், முதலில் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, மாமாவும் மாமியும் நானும் போத்தலைப் பொலிசுக்குக் கொண்டு போனோம். மேசையில் இருந்தவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"புதுசுபோல இவ்வளவு வடிவா இருக்கு. ஏன் குடுக்கிறீங்கள்?"

மாமி நிலத்தைப் பார்த்தார்.

"அதாலதான் ஐயா," என்றார் மாமா.