சுவரில் ஓர் ஆள் இடம்

ஒரு ஊர்ல ஒரே ஒரு சுவர் இருந்ததாம், அதில் இடம் கேட்டு நாலு செத்தவர்கள் நின்றார்களாம். படத்துக்குச் சட்டம் போடும் தொழிலில் எல்லாக் கதையும் இப்படித்தான் ஆரம்பிக்கும். ஐம்பதுகளில் ராமநாதபுரத்தில் ஒரு ஃபிரேம் கடையில் இருந்தேன். காலமானவர் படத்துக்குக் கண்ணாடி போட்டு, கீழே விளக்கோ மெழுகுவத்தியோ வைக்கப் பலகை அடித்து, வீட்டுக்கே போய் மாட்டியும் கொடுப்போம். ஒற்றை அறையில் குடியிருந்து ஆணி அடிக்க இடம் தேடிய உங்களுக்கு என் பாடு விளங்கும்.

ஒரே ஆணி

ஒரு குமாஸ்தா, அப்பா படமும் அம்மா படமும் கொண்டுவந்தார். வீட்டுக்காரர் ஒரு ஆணிக்குத்தான் சம்மதித்தாராம். இரண்டையும் ஒரே சட்டத்தில் சேர்த்துப் போட்டேன். வாங்க வந்தவர் இரண்டு படத்துக்கும் நடுவில் விரலை வைத்தார்.

"நடுவுல ஒரு கட்டை வச்சிருங்க தம்பி. கடைசி வரைக்கும் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது."

கண் திறந்தவர்

பாம்பன் மரியம்மாவின் கணவர் சவரிமுத்து, ஆயுசு குறையும் என்று உயிரோடிருக்கும்வரை போட்டோவுக்கு நிற்காதவர். இறந்தபின் நாற்காலியில் உட்காரவைத்து எடுத்திருந்தார்கள். அப்படி வரும் படங்களில் மூடிய இமைமேல் திறந்த கண்ணை வரைவதும் என் வேலைதான். எப்படி வரையட்டும் என்று, படத்தைக் கொண்டுவந்த மரியம்மாவிடம் கேட்டேன்.

"நல்லா முழிச்சு நேராப் பாக்கணும். இருந்தவரைக்கும் கடலையே பாத்தாரு. இனிமே வீட்டப் பாக்கட்டும்."

மகன் வந்தான்

சவரிமுத்துவின் ஆண்டுப் பூசை கழிந்து மகன் அருளப்பனுக்குக் கல்யாணம் ஆனது. அடுத்த மாதமே கடைக்கு வந்து நின்றான். அவர்கள் வீடும் ஒரே அறை. குறுக்கே சேலை கட்டித்தான் மறைப்பு. நேராகப் பார்க்கும் கண் அல்லவா, எங்கே நின்றாலும் பின்னாலேயே வருகிறது. மருமகள் ஞானம், அந்தப் படம் இருக்கும்வரை வரமாட்டேன் என்று தங்கச்சிமடத்தில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

"திருஇருதய ஆண்டவர் படம் மாட்டியிருக்குமே, அதுவும் பார்க்கத்தானே செய்யும்?" என்றேன்.

"ஆண்டவர் பாத்தாப் பரவாயில்லண்ணே. அய்யா பாக்குறதுதான் முடியல. கண்ண மறுபடியும் மூடிருங்க."

அளவெடுக்கப் போனது

வரைந்த கண்ணை அழித்தால் முகமே போய்விடும். படத்தைச் சின்ன மரப்பெட்டிக்குள் வைத்து இரட்டைக் கதவு போடலாம், சாயங்கால ஜெபத்துக்குத் திறந்துகொள்ளலாம் என்று யோசித்து, பாம்பனுக்கே ரயிலேறிப் போய் அளவெடுத்தேன். மரியம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"ஏலே, ஒங்கய்யாவ அலமாரியில வச்சுப் பூட்டப் போறியா?"

அளவுக்கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கதவு

பத்துப் பதினைந்து நாள் கழித்து மரியம்மா தனியாக வந்தார். படத்தைச் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கதவு போடு என்றார். மகன் சொன்னானா என்று கேட்டேன்.

"அவன் ஏன் சொல்றான்? வீட்டுல சோறே திங்கிறதில்ல. நாங்க கட்டிக்கிட்ட புதுசுலயும் இதே ஒத்த ரூம்புதான். அந்தப் பக்கம் மாமனார் இருமுனா, இவரு எந்திரிச்சுக் கடக்கரைக்குப் போயிருவாரு. அம்புட்டுக் கூச்சம். இப்ப எங்கன எந்திரிச்சுப் போவாரு?"

அன்றைக்கே பெட்டி செய்து கதவில் கொக்கி வைக்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார்.

"கொக்கி வேணாம் தம்பி. பூட்டி வச்சது மாதிரி இருக்கும். சும்மா சாத்துனாப் போதும். நேரா தங்கச்சிமடம் போறேன், மருமகளக் கூட்டியார."

பெட்டியை இடுப்பில் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

செத்தவருக்கு இடம் பிடித்துக் கொடுக்கிறோம் என்றுதான் கடைக்குப் பேர், பாதி நாள் இடம் தேவைப்பட்டது உயிரோடிருந்தவர்களுக்குத்தான்.