தலைவருக்கு வந்த காது மிசின்

கிளிநொச்சியில் ஐஸ் வாங்க நின்றபோது, பூநகரி பஸ்ஸில் வந்த சங்க உறுப்பினர் ஒருவர் இறங்கி நேரே என்னிடம் வந்தார். "அந்தோனிப்பிள்ளை அண்ணை போயிட்டார். மீன் லொறி பின்னுக்கு வந்தது அவருக்குக் கேக்கேல்லை." கரையில் நின்ற எல்லோரும் கத்தியிருக்கிறார்கள். அவர் களப்புத் தண்ணீரைப் பார்த்தபடியே நின்றாராம்.

சங்கத்தாருக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் மீனவர் சங்கத்துக்குச் சட்டவிதிகளாக ஒரு யாப்பு எழுதியபோது, தலைவரான அவரே ஒரு விதியைச் சேர்க்கச் சொன்னார்: வெளிநாட்டு அரசு தரும் பரிசை, சங்கம் கூடிச் சம்மதிக்காமல் தலைவர் தனக்கென எடுக்கக் கூடாது. அப்போது அவருக்குக் காது ஓரளவு கேட்கும். செயலாளரான நான் சிரித்தேன். "எந்த ராசா எங்களுக்குப் பரிசு அனுப்பப்போறார், அண்ணை?"

"பெரிய நாடுகளின்ர யாப்பிலயும் இருக்குது, தம்பி. வாங்கினால் பிறகு அவையின்ர முகத்தைப் பாத்துத்தான் கதைக்கவேணும். கிடக்கட்டும்."

போர் ஓய்ந்து சமாதான காலம் வந்தது. வெள்ளை வாகனங்களும் வந்தன. ஒரு தூதரகத்தார், தங்கள் அரசின் அன்பளிப்பென்று, காது மந்தமாகிவிட்ட அவருக்கென்றே ஒரு காது மிசின் கொண்டுவந்தார்கள். அண்ணை நன்றி சொல்லி வாங்கி, அவர்கள் போனதும் சங்க அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அதை யாரும் அணைக்கவில்லை; அணைக்காமல் மூடிவைத்தால் அந்த மிசின் கூவுமாம். பூட்டிய அலுமாரிக்குள்ளிருந்து மெல்லிய கூவல் ஒன்று கிளம்பியது. பற்றரி தீரும்வரை அது ஓயவில்லை. "என்ன, எல்லாரும் அலுமாரியைப் பாக்கிறியள்?" என்று அவர் மட்டும் கேட்டார்.

சம்மதிக்க நாங்கள் தயார்தான். அவர்தான் விடவில்லை. "நான் தலைவரா இருக்கேக்குள்ள ஆர் மாட்டன் எண்டு சொல்லுவினம்? பதவி முடியட்டும், பிறகு கேளுங்கோ." ஆனால் ஒவ்வொரு வருடமும் அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அவரையே தெரிவுசெய்தோம். எங்கள் பாசமே அவர் காதை அடைத்துவிட்டது. நினைக்க ஆத்திரமாக வருகிறது.

கடைசிக் காலத்தில், பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். யாரும் கூப்பிடாதபோது திரும்பி, "ஓம், வாறன்" என்பார். அந்தப் பக்கம் வெறும் களப்புத்தான் இருக்கும். யார் என்று ஒருநாள் கையால் கேட்டேன்.

"தெரியேல்லை. ஆனா பேர் சொல்லித்தான் கூப்பிடினம்."



செத்தவீட்டில் அவர் மனைவி திரேசா அக்கா என்னை அழைத்தார். "இப்ப அவர் தலைவர் இல்லைத்தானே. சங்கத்திட்டக் கேளுங்கோ." முற்றத்திலேயே கூடினோம். விதியை வாசித்தேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. புதுப் பற்றரி போட்டு, மிசினை அவர் காதில் நானே மாட்டினேன்.

பெட்டியின் மூடியை இறக்கியபோது உள்ளிருந்து அந்தக் கூவல் எழுந்தது. மூடியைத் தூக்கினோம், நின்றது. இறக்கினோம், மறுபடியும் எழுந்தது. 

"அவருக்கு இப்ப கேக்குது" என்றார் அக்கா. "மெல்லக் கதையுங்கோ."

சேமக்காலைக் குழி வரை அந்தச் சத்தத்தையும் சேர்த்துச் சுமந்தோம்.

இப்போது தலைவர் நான். அவருடைய விதியை எடுக்க விடவில்லை. ஒருவரையே திரும்பத் திரும்பத் தலைவராக்கக் கூடாதென்று அதன் கீழே இன்னொன்றைச் சேர்த்திருக்கிறோம். அவரிடமிருந்து எனக்கு வந்தது அந்த விதி மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நேற்றுக் கரையில் தனியே நின்றபோது சட்டென்று திரும்பினேன். களப்புத்தான் இருந்தது. "ஓம், வாறன்" என்று வாய் அதற்குள் சொல்லிவிட்டது.