சினிமாவில் வந்த எங்கள் மச்சு வீடு

ஜெனரேட்டர் புகையும் சாம்பிராணியும் கலந்த ஒரு வாடை, நான் சிறுமியாக இருந்தபோது, எங்கள் வீட்டில் பல நாள் அடித்துக்கொண்டிருந்தது. பெருமாட்டிப் பக்கம் தோப்புக்குள் நின்ற எங்கள் மச்சு வீட்டின் மரத்தூணையும் சாய்ந்த ஓட்டுக் கூரையையும் இருட்டு நடையையும் பார்த்த மலையாள சினிமாக்காரர்கள், "அசல் தறவாடு, பரம்பரைக் குடும்ப வீடு" என்று சொல்லிப் படமெடுக்கக் கேட்டார்கள். எங்களுக்கு அது வெறும் "ஊடு".

சித்தூர் தியேட்டரில் பகவதியை வைத்திருந்த எங்கள் மச்சுச் சாமி அறை திரையில் வந்ததும் அம்மா கும்பிட்டாள். கதைப்படி அங்கேதான் மருமகள் தூக்குப் போட்டுக்கொண்டாள். சுற்றிலும் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அந்த நடையைக் காட்டும்போதெல்லாம், தினமும் அதில் ஓடி விளையாடிய எனக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது.

பிறகு கோபாலபுரத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க, அந்தப் புள்ள தூக்குல தொங்குன ஊடுங்களா இது?"

"அட, சினிமாங்க அது! தொங்குன புள்ள எறங்கி வந்து, எங்க சமையக்கட்டுல இன்னும் ரெண்டு இட்லி கேட்டு வாங்கித் தின்னுச்சுங்க" என்று அப்பா சிரிக்கப் பார்த்தார்.

"தெரியுதுங்க. ஆனா கண்ணு பாத்துப்போட்டுதுங்களே."

தோப்பில் கட்டில் போட்டுக் காபி கொடுத்தோம். அக்கா பட்டுச்சேலையோடு வெயிலில் நின்றாள். போனவர்கள் ஒரு பதிலும் சொல்லி அனுப்பவில்லை. அடுத்து வந்தவர்களும் அப்படித்தான்.

"பகவதி குடியிருக்கற எடமுங்க" என்று அம்மா அழ அழ, அப்பா மச்சை இடித்துக் கான்கிரீட் போட்டார். அதன்பின் வீட்டை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. பகவதி புண்ணியத்தில் நன்றாக இருக்கிறாள்.

இன்று அப்பா இல்லை, அம்மா இல்லை. பழைய வீட்டின் ஒரு போட்டோகூட எங்களிடம் இல்லை. டிவியில் அந்தப் படம் வந்தால் அக்காதான் போன் செய்வாள்: "அம்மிணி, போட்டிருக்கறாங்க, பாரு." எத்தனை அலுப்பாக இருந்தாலும் உட்காருவேன். தூக்குப் போடும் இடம் வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். அக்கா மூடமாட்டாள். அந்த நடிகைக்குப் பின்னால் சுவரில் அம்மா மஞ்சளில் பதித்த கைத்தடம் ஓரமாகத் தெரிகிறதாம்.

"கேமராவ இன்னுங் கொஞ்சம் தள்ளி வெச்சிருந்தாங்கன்னா, அஞ்சு வெரலும் தெரிஞ்சிருக்கும்" என்றாள் போன வாரமும்.