கண்ணை மூடிக்கொண்ட மெக்கானிக்

எண்ணூர் கடலோரச் சாலை வளைவில் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும், நான் வாங்கிய பழைய கார் நேராகக் கன்டெய்னர் லாரிகள் பக்கமே போகப் பார்க்கும். டோல்கேட் பகுதியில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மலைபோல் உடம்பு, காதைத் தொடும் மீசை.

"முன்னாடி ஸ்பிரிங்கு ரொம்ப வெறப்பா கீது சார். அதான் திரும்பாம நேரா பூடுது" என்றார். முன்னால் இளக்கமான ஸ்பிரிங் போட்டு, பின்பக்கத்தைக் கொஞ்சம் விறைப்பாக்கினார்.

வேலை முடிந்ததும் வண்டிக்காரரையே ஓட்டச் சொல்லிக் கூடவே வருவது அவர் வழக்கம். அந்தக் கடலோர வளைவு நெருங்கியதும் கதவுக் கைப்பிடியை இறுகப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டார்.

கார் சொன்ன பேச்சைக் கேட்டு வளைந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "திரும்பிச்சா சார்?"

"அழகா திரும்பிச்சு. நீங்க செஞ்ச வேலைதானே, அப்புறம் என்ன பயம்?"

"காருன்னாலே பேஜாரு சார். நிறுத்து, நான் பஸ்ல பூட்றேன்."

அவரை இறக்கிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு வரும்போது முன்னால் ஒரு பஸ் பிதுங்கி வழிந்தபடி போனது. அதன் படிக்கட்டில் ஒற்றைக் காலை ஊன்றி வெளியே தொங்கிக்கொண்டிருந்தார் அவர். அதே வளைவில் பஸ் சாய்ந்தபோது, சிரித்துக்கொண்டே எனக்குக் கையாட்டினார். இரண்டு கண்களும் நன்றாகத் திறந்திருந்தன.