சுகமாகாதவளின் ஸ்தோத்திரக் கூட்டம்

கோபன்ஹேகனில் நான் வேலை செய்யும் பட்டறையை ஒட்டி ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. டேனிஷ் மொழியில் கிர்கெகோர் என்பார்கள். வெயில் எட்டிப் பார்த்தால் போதும், என்னோடு வேலை செய்கிறவர்கள் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார்கள். யாரோ ஒருவருடைய கல்லறைக்குப் பக்கத்துப் புல்லில் உட்கார்ந்து, ருப்ரோ என்னும் கறுப்பு ரொட்டியில் மீனை வைத்துச் சாப்பிடுவார்கள். ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் பழகவில்லை. சென்னையில் எங்கள் செம்பாக்கம் வீட்டில், கல்லறைக்குப் போய்வந்தால் வாசலிலேயே செருப்பை விட்டு, எதையும் தொடாமல், நேரே போய்த் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். புதிய ஏற்பாட்டில் அப்படி எங்கேயும் இல்லை என்பார் அப்பா. சொல்லிவிட்டு முதல் ஆளாகக் குளிக்கப் போவதும் அவர்தான். அதனால் மற்றவர்கள் தோட்டத்துக்குப் போகும்போது நான் மட்டும் இயந்திரங்களுக்கு நடுவே டப்பாவைத் திறப்பேன்.

போன மார்ச்சில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா ஒரு அழைப்புப் போட்டாள். சனிக்கிழமை மாலை வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம், அனைவரும் வரவும். எஸ்தர் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். சிட்லபாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் மாமாவோடு, அதாவது அவள் கணவரோடு, இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்து ஒரு வருடமாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் சபைகளில் வீடு கட்டி முடித்தால், பிள்ளைக்கு வேலை கிடைத்தால், ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் ஸ்தோத்திரக் கூட்டம் வைப்பார்கள். எல்லாரையும் கூப்பிட்டு, பாடி, ஜெபித்து, நன்றி சொல்லி, சாப்பாடு போடுவார்கள். எனவே குழுவில் இருந்த அத்தனை பேரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: அக்காவுக்குச் சுகமாகிவிட்டது. அல்லேலூயாக்கள் குவிந்தன. அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் கோவிலுக்குப் போவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் அன்று கண் கலங்கிப்போய் டிக்கெட் போட்டேன். அக்கா பிழைத்துவிட்டாள், கொண்டாடப் போகிறேன் என்று மேலாளர் யென்ஸிடம் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெள்ளிக்கிழமை காலை கேட்டைத் திறந்தவளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நைட்டிக்குள் ஆளே இல்லை. என் கையில் பரிசுத்தாள் சுற்றிய பிஸ்கட் டின்.

"என்னக்கா, ஸ்தோத்திரக் கூட்டம்னு போட்டிருந்த?"

"ஆமா, நாளைக்கு அஞ்சு மணிக்கு."

"அப்ப டாக்டர் என்ன சொன்னார்?"

"மருந்து கேக்கலையாம், இனிமே வேணாம்னுட்டார். மூணு மாசம், நாலு மாசம்ங்கறார். ஏன், சுகமானாத்தான் ஸ்தோத்திரம் சொல்லணுமா? உள்ள வா, காபி ஆறுது."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள்மேல் இல்லை, அவள் யாருக்கு நன்றி சொல்லப் போகிறாளோ அவர்மேல். அதை அவளிடமே சொல்லியும் விட்டேன். அவள் அதிர்ச்சி அடையவில்லை.

"நானும் அவர்கிட்ட சண்டை போட்டேன்டா. மாமாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுட்டு அழுவேன். அப்புறம் பாத்தா அதுலயே ரெண்டு வாரம் போயிடுச்சு. இருக்கறதே கொஞ்ச நாள். அதுல சண்டைக்கு எவ்வளவு ஒதுக்க முடியும்?"

கணக்கு டீச்சர் புத்தி கடைசிவரை போகவில்லை.

மறுநாள் காலை, கூட்டத்துக்குப் பூ வாங்கப் போகலாம் என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். வாழ்நாள் முழுக்க மாமாவின் பின்னால் உட்கார்ந்தே போனவள், சிகிச்சைக்கு நடுவில் வண்டி கற்றுக்கொண்டு, எட்டுப் போட்டு, லைசென்சும் வாங்கியிருந்தாள். "அறுபது வயசு வரைக்கும் ஓட்டலாம்னு கவர்மென்டே எழுதிக் குடுத்திருக்கு. டாக்டர் பேச்சக் கேக்கறதா, கவர்மென்ட் பேச்சக் கேக்கறதா?" என்றாள். நான் ஓட்டுகிறேன் என்றதற்கு, "நீ அந்த ஊர்ல வலது பக்கம் ஓட்டறவன், பேசாம பின்னாடி உக்காரு" என்று முடித்துவிட்டாள். ஏரிக்கரைச் சாலையில் நடந்துபோகிறவர்களெல்லாம் எங்களை முந்தினார்கள். பின்னால் வந்த ஆட்டோக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "யக்கா, வண்டிய ஓட்டிகினு போறியா, தள்ளிகினு போறியா?" என்று கேட்டபடி கடந்தார். சிரிப்பு தாங்காமல் அக்கா வண்டியை ஓரங்கட்டினாள். மூச்சு வாங்கியது, வலித்தது போலவும் இருந்தது, ஆனாலும் சிரித்தாள். அவள் தோளைப் பிடித்திருந்த என் கைக்கு எலும்பு மட்டுமே தட்டுப்பட்டது.

மாலையில் ஹாலில் இடம் போதாமல் தெருவரைக்கும் நாற்காலி போட்டார்கள். பலர் என்னைப் போலவே சந்தோஷ முகத்தோடு வந்து, அவளைப் பார்த்ததும் கொண்டுவந்த பரிசை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்ததும் அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாரும் எனக்குச் சுகமாயிடுச்சுன்னு வந்திருக்கீங்க. மன்னிச்சுக்குங்க, ஆகல. ஆனா பிரியாணிக்குச் சொல்லியாச்சு."

சிரிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. மாமாதான் முதலில் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு அவள் ஒரு நோட்டைப் பிரித்து வாசித்தாள். முதல் குத்திலேயே நரம்பைக் கண்டுபிடிக்கும் நர்ஸுக்காக ஸ்தோத்திரம். ஆஸ்பத்திரிப் பையைப் பார்த்து, சொல்லாமலே ஒவ்வொரு வேகத்தடையிலும் மெதுவாக ஏற்றி இறக்கிய ஷேர் ஆட்டோக்காரருக்காக. கணக்கில் பாஸாகிவிட்ட ஒரு பெண்ணுக்காக. ஐம்பத்தாறு வயதில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்ட கணவருக்காக. "அந்த ரசத்துக்கு ஸ்தோத்திரம் சொல்ல நெஜமாவே விசுவாசம் வேணும்" என்றாள். நோட்டை மூடிவிட்டு, "பயமா இருக்கான்னு கேக்கறாங்க. வலிக்குப் பயம் இருக்கு. சாவுக்கு இல்ல. என்னை அனுப்பினவரே வாசல்ல நிப்பார்னு நம்பறேன். அதுவரைக்கும் குடுத்த நாளை வீணாக்காம வாழ்ந்துட்டுப் போறேன்" என்றாள்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "டேவிட், நீ ஒண்ணு சொல்லு" என்றாள். இப்படிப்பட்ட கூட்டத்தில் சின்னக் குழந்தைகூட எழுந்து ஒரு வரி சொல்லும். நான் எழுந்து நின்றேன். என்னால் முடியவில்லை. அவள் எனக்காகக் காத்திருப்பது தெரிந்தும் முடியவில்லை. "சரி, அப்புறமா சொல்லு" என்று உட்கார வைத்தாள். அந்த வாரம் முழுக்க நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கிளம்பும்போது ஒன்றுதான் சொன்னாள்: "எனக்கு எதாவது ஆனா, நீ வரணும்னு என்னை ஐஸ் பெட்டில போட்டு வைக்கச் சொல்லாத. உயிரோட இருக்கும்போதே வந்துட்ட. அது போதும்."

திரும்பி வந்ததும், சுகமாகவில்லை என்றால் கூட்டம் எதற்கு என்று யென்ஸ் குழம்பினார். எனக்குத் தெரிந்த டேனிஷ் மொழியில் விளக்கிப் பார்த்தேன். "ஓ, பிரிவு உபசார விருந்தா" என்றார். இல்லை. ஆனால் வேறு என்னவென்று அப்போது எனக்கே சொல்லத் தெரியவில்லை.

ஜூலையில் அக்கா போய்விட்டாள். அடக்கம் மாலை நான்கு மணிக்கு. இங்கே பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம். வீட்டுக்குப் போகச் சொன்னார் யென்ஸ். எங்கே போவதென்று தெரியாமல், போனும் டப்பாவுமாக முதல்முறை அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குள் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து நேரலையைப் பார்த்தேன். பெட்டியை இறக்கினார்கள். மாமா ஒரு பிடி மண் போட்டார். இன்னொரு பிடி அள்ளி, போன் பக்கம் திரும்பி, "இது டேவிட் கையால" என்று சொல்லிப் போட்டார். நான் எழுந்து நின்றேன். கறுப்பு ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "அக்கா வண்டி ஓட்டினா. நான் பின்னாடி உக்காந்திருந்தேன். ஸ்தோத்திரம்" என்று தமிழில் சத்தமாகச் சொன்னேன்.

அப்புறம் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். தயிர்சாதம். பெயர் தெரியாத ஒருவருடைய கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே ஷூவைக் கழற்றி விட்டு, எதையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போனேன். எந்த ஊர்க் கல்லறைக்குப் போய்வந்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.