எர்சிலியாவின் அண்ணன்

அமெரிக்காவின் பிராவிடென்ஸ் நகரத்து இத்தாலியர் தெருக்களில் ஒட்டாவியோவைப் பேர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் துணிச்சல் கிடையாது. எல்லாருக்கும் அவன் ‘பெரியவர்’. சூதாட்ட விடுதி, துறைமுகம், குப்பை லாரி என்று எதுவும் அவன் தலையசைக்காமல் நகராது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தங்கை எர்சிலியா வீட்டுக்கு வந்து, வயிறு முட்டத் தின்பான். மேசையிலேயே உட்கார்ந்து பல் குத்துவான். அவளுக்குக் குமட்டும். கூடப் பிறந்தவனாயிற்றே என்று விட்டுவிடுவாள்.

அவள் புருஷன் ரெமிஜியோ ரொட்டிக்கடைக்காரன், அதிர்ந்து பேசாத மனுஷன். மாவு எடுக்கப் போன ஒரு நாள் வீடு திரும்பவில்லை. மறுநாள் ஆற்றில் பிணமாகக் கிடந்தான். ஒட்டாவியோதான் சவப்பெட்டிக்கு முன்னால் தோள் கொடுத்தான். எல்லாரையும் விடச் சத்தமாக அழுதான்.

“எவன் இதப் பண்ணான்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்டி,” என்றான், துக்க வீட்டுச் சாப்பாட்டின் தக்காளிச் சாறு உதட்டில் வழிய. அவள் நம்பினாள். ரொட்டிக்கடையைத் தானே நடத்திக்கொண்டு, அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் அவனுக்குச் சோறு போட்டாள்.

பிறகு அவனே மாட்டிக்கொண்டான். ஆயுள் தண்டனை என்றதும் அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்து, கூட இருந்தவர்களை எல்லாம் காட்டிக்கொடுத்தான்.

“வாயத் தொறந்தா நாக்க அறுப்பேன்னு ஊரையே மிரட்டினவன், இப்ப பாரு, கிளிப்பிள்ள மாதிரி ஒப்பிக்கிறான்,” என்று கோர்ட்டில் எர்சிலியாவின் பக்கத்தில் இருந்த அடுத்த வீட்டு அசுந்தா முணுமுணுத்தாள்.

“ரெமிஜியோவ எதுக்குக் கொல்லச் சொன்னீங்க?” என்றார் வக்கீல்.

“போலீசுக்குத் துப்பு குடுக்கிறான்னு சொன்னாங்க.”

“குடுத்தாரா?”

“இல்லையாம். கடைக்கு அடிக்கடி வந்துபோன இன்ஸ்பெக்டர் ரொட்டி வாங்கத்தான் வந்திருக்கான். அப்புறம்தான் தெரிஞ்சுது.” தோளைக் குலுக்கிவிட்டுத் தண்ணீர் கேட்டான்.

எர்சிலியா வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

சாட்சி சொன்னதற்காக, பழைய கூட்டாளிகள் கண்டுபிடிக்காதபடி அரசாங்கம் அவனுக்குப் புதுப் பெயரும், மேற்கே எங்கோ ஒரு வீடும் கொடுத்தது. ஒரு நாள் போன் வந்தது.

“தங்கச்சி, நான்தான். உடம்பு சரியில்ல. அம்மா கல்லறை பக்கத்துல எனக்கு ஒரு இடம் இருக்குல்ல? அத யாருக்கும் குடுத்துடாத.”

“அதுக்கு அடுத்த குழியில யார் இருக்காங்கன்னு தெரியுமா உனக்கு?”

“யாரு?” உண்மையிலேயே யோசித்தான். “ஓ, அவனா! அதான் கோர்ட்ல ஒத்துக்கிட்டேனே. இன்னும் என்னத்தக் கெளறுற?”

எச்சிலைத் தொட்டதுபோல் இருந்தது அவளுக்கு. போனை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

மறுநாள் கோயிலுக்குப் போனாள். பாதிரியார் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “மன்னிச்சிடும்மா, ரத்த உறவு,” என்றார்.

“நீங்க மன்னிங்க சாமி, அது உங்க வேலை. அந்த இடம் எங்க அம்மா பேர்ல இருக்கு. அவங்களுக்கப்புறம் எனக்கு. அத நான் அசுந்தாவோட மாமியாருக்குக் குடுக்கிறேன். கெழவி எந்நேரமும் சண்டை போடுவா, ஆனா ஒருத்தர் குடியையும் கெடுத்ததில்ல.”

கிழவி அந்தக் குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்தாள். ஒட்டாவியோ செத்த சேதி வசந்தத்தில் வந்தது. உடலை வாங்கிக்கொள்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். வேண்டாம் என்றாள். அங்கேயே, அந்தப் பொய்ப்பெயரிலேயே புதைத்தார்கள்.

அன்றைக்கும் அவள் கடையைத் திறந்தாள்.